தண்ணீர் கலக்காதது

மார்ச் 2, சனி. லூயிவில்

அறவாழி கேட்டு மூன்று வாரமாகிறது. இந்த ஊர்த் தமிழர்களுக்காக அவர் நடத்தும் இணைய இதழுக்கு பர்பன் விஸ்கி பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். கென்டக்கியில் பத்தொன்பது வருடம் இருந்திருக்கிறாய், தொழிற்சாலையில் தர ஆய்வு வேலை, வீட்டு அலமாரியில் இருபது பாட்டில், உன்னை விட்டால் யார் எழுதுவது என்கிறார். ஐஸ் வைக்கிறார் என்று தெரிந்தே ஒப்புக்கொண்டேன். குறிப்புகளுக்காகத்தான் இந்த நோட்டு.

கேள்வி எளியது. கடையில் ஒரே தட்டில் இருபத்திரண்டு டாலர் பாட்டிலும் எண்பத்தைந்து டாலர் பாட்டிலும் நிற்கின்றன. இரண்டும் பெரும்பாலும் சோளம். இரண்டும் உள்ளே தீயிட்டுக் கருக்கிய புது ஓக் பீப்பாயில் கிடந்தவை. அப்புறம் எதற்கு அந்த அறுபத்து மூன்று டாலர்?

எல்லாம் லேபிளில் இருக்கும் சொற்களுக்கு. ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்றால் ஒரே ஆலை, ஒரே பருவத்தில் வடித்தது, அரசுக் கண்காணிப்பில் குறைந்தது நான்கு வருடம், சரியாக ஐம்பது சதவீதம். நூற்றிருபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட சட்டம். ‘ஸ்மால் பேட்ச்’ என்றால் சில பீப்பாய்களைக் கலந்தது. பத்தா இருநூறா என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை. ‘சிங்கிள் பேரல்’ ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பியது. ‘பேரல் ப்ரூஃப்’ பீப்பாயில் இருந்தபடியே, ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் அடைத்தது.

முதல் மூன்றிலும் ஒவ்வொரு பாட்டில் வாங்கினேன். நான்காவது வாங்கவில்லை. அது டிசம்பரில் வாங்கியது, ருசி நினைவிருக்கிறது.

மாலை கராஜ் கதவுக்கு எண்ணெய் விட்டேன். இன்னும் கிறீச்சிடுகிறது.


மார்ச் 3, ஞாயிறு

ஆலயம். ஹீட்டர் ஃபில்டர் மாற்றினேன். என் மனைவி பியூலாவுக்குத் தலைவலி. குறிப்பு எடுக்கவில்லை, ருசி மட்டும் பார்த்தேன்.


மார்ச் 7, வியாழன்

பாண்ட் பாட்டில், இருபத்திரண்டு டாலர். முதல் முகர்வில் வறுத்த நிலக்கடலை, பின்னால் கருப்பட்டி. தொண்டையில் சற்று முரடு. ஆனால் லேபிளில் சொன்ன ஒவ்வொன்றையும் சட்டப்படி செய்திருக்கிறார்கள். விலைக்கு ஞாயமான சரக்கு. கட்டுரையை இதிலிருந்து தொடங்கலாம்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தூத்துக்குடியிலிருந்து அண்ணன் மனைவி வயலட் மைனி பேசினார்.

“தம்பி, அண்ணனுக்கு வயிறு திரும்ப வீங்கிட்டு. கண்ணெல்லாம் மஞ்ச. ஆஸ்பத்திரியில சேத்திருக்கு.”

“என்ன மைனி, நல்லாத்தான இருந்தாவ?”

“நல்லாத்தான் இருந்தாவ. ஒரு வருசம் நாலு மாசம் தம்பி, ஒரு சொட்டுத் தொடல. பொங்கலுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்காவ, எனக்குத்தான் தெரியாமப் போச்சு. மொட்டமாடியில வாஷிங்மெஷின் அட்டப்பெட்டிக்குள்ள ஒரு பாட்டில் கெடந்துது. வெளிநாட்டுப் பாட்டில். அதுல தொடங்கித்தான் கடைக்குப் போக ஆரம்பிச்சிருக்காவ. எந்தப் பாவி குடுத்தான்னு கர்த்தருக்குத்தான் தெரியும்.”

ஞானதுரை அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கல்லீரல் கெட்டுப்போய் ஐம்பத்திரண்டு வயதிலேயே வேலையை விட்டார். இனித் தொட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் போன வருடத்துக்கு முந்தின வருடமே சொல்லியிருந்தார். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

அலுவலகத்தில் நாள் முழுவதும் ஒரு கம்ப்ரசர் பிரச்சினை. நல்லதாகப் போயிற்று.


மார்ச் 9, சனி

ஸ்மால் பேட்ச், நாற்பத்திரண்டு டாலர். வெனிலா, ஆப்பிள், வாயில் மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு. யாரும் குறை சொல்ல முடியாத சரக்கு. அதுதான் குறை. எந்தப் பீப்பாயின் குணமும் தனியாக நிற்காமல் சமன் செய்துவிட்டார்கள். பாண்டை விட இருபது டாலர் அதிகம். அந்த இருபதும் பாட்டிலின் கனத்த அடிப்பாகத்துக்கும் மரத்தக்கைக்கும் போகிறது என்று நினைக்கிறேன்.

முடிவு உறுதியாவதற்கு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. பியூலா சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

“ருசி பாக்கியளா, குடிக்கியளா?”

“கட்டுரைக்கு.”

“கட்டுரைக்கு ஒரு வாய் போதாதா? நேத்து கழுத்து வரைக்கும் இருந்துது.”

ஒப்பீடு என்பது என்ன என்று அவளுக்கு விளக்க முடியாது. அண்ணன் நிலைமை பற்றிக் கேட்டாள். அப்படியேதான் இருக்கிறது என்றேன்.


மார்ச் 12, செவ்வாய்

காலையில் நானே போன் செய்தேன். அங்கே மாலை. மைனி போனை அண்ணன் காதில் வைத்தார். குரல் மெலிந்திருந்தது.

“ஐசக்கு, சாப்பிட்டியால?”

“சாப்பிட்டேண்ணே. ஒங்களுக்கு எப்படி இருக்கு?”

“கெடக்கேன். வயித்துலேருந்து தண்ணி எடுத்தானுவ. ஒரு வாளி.” சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. பிறகு, “மைனி வெளிய போயிருக்கா. கேளு. நான் யாருகிட்டயும் சொல்லல. நீ ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாத, என்ன?”

எதை என்று நான் கேட்கவில்லை. சரிண்ணே என்றேன். எதையோ எழுதுகிறாயாமே, பியூலா சொன்னாள், நல்லா எழுது என்றார்.

சிங்கிள் பேரல், அறுபத்தைந்து டாலர். பீப்பாய் எண், கிடங்கின் தளம், அடைத்த தேதி எல்லாம் கையால் எழுதியிருக்கிறது. ஏலக்காய், தோல், முடிவில் லேசான கசப்பு. இதே பெயரில் போன வருடம் வாங்கியது இப்படி இல்லை. நாம் விலை கொடுப்பது தரத்துக்கு அல்ல, வித்தியாசத்துக்கு. அது நல்ல பக்கமும் போகலாம், கெட்ட பக்கமும் போகலாம். இதை வாங்குகிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் பார்த்தால் கையெழுத்து மோசமாக இருக்கிறது.


மார்ச் 16, சனி

மதியம் அறவாழி வீட்டில் ஐந்து பேர் கூடினோம். அறவாழி மனைவி உள்ளறையில் பாட்டில்களைப் பழுப்புக் காகிதப் பைக்குள் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டார். அவரே ஊற்றினார். எது எதுவென்று எனக்கும் தெரியாது.

ஐந்து பேரில் மூன்று பேருக்கு இருபத்திரண்டு டாலர் பாட்டில்தான் பிடித்தது. அறுபத்தைந்துக்கு ஒரே ஒரு ஓட்டு. நான் ஸ்மால் பேட்சைச் சிங்கிள் பேரல் என்று அடித்துச் சொன்னேன், பீப்பாயின் குணம் தனியாகத் தெரிகிறது என்று காரணமும் சொன்னேன். பையைப் பிரித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அறவாழி, “இதைக் கட்டுரையில போடுங்க ஐசக், அதுதான் ரசம்” என்றார்.

பிறகு கேட்டார், “அந்த நாலாவது எங்க? தண்ணி கலக்காதது?”

“இல்லை. ஊர்ல ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன்.”

“அதையா? கொடுத்துவச்சவர். யாரு?”

“தெரிஞ்சவர்.”

அந்த நான்காவதுக்குத்தான் விலை ஞாயம் என்பது என் முடிவு. கணக்குப் போட்டுச் சொன்னேன். மற்ற பாட்டில்களில் தண்ணீர் சேர்த்துத்தான் அடைக்கிறார்கள். இதில் அறுபத்து நான்கு சதவீதம் இருக்கிறது. வழக்கமான நாற்பத்தைந்துக்கு வீட்டில் நீர்த்துக்கொண்டால் ஒரு பாட்டில் ஏறக்குறைய ஒன்றரைப் பாட்டில் ஆகும். ஆனால் நீர்த்துக்கொள்ளத் தெரிந்தவன் கையில் இருக்க வேண்டும். ஊரில் கிடைக்கும் பிராந்தி நாற்பத்திரண்டே முக்கால். அதே அளவு என்று நினைத்து ஒருவன் இதைக் குடித்தால்

இந்த வாக்கியம் கட்டுரைக்கு வேண்டாம்.


மார்ச் 18, திங்கள்

அண்ணன் இறந்துவிட்டார். காலை ஆறு பத்துக்கு மைனியின் தம்பி மோசஸ் சொன்னார். ரத்த வாந்தி. பன்னிரண்டரைக்கு விமானம்.


மார்ச் 20, புதன். தூத்துக்குடி

எனக்காகக் காத்திருந்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் அண்ணன் பாதி ஆளாகக் கிடந்தார். முகம் மட்டும் அவருடையது. மகள் ஹெப்சி என்னைப் பிடித்துக்கொண்டு, “சித்தப்பா, கடைசில ஒங்களத்தான் கேட்டாங்க” என்றாள்.

அடக்கம் நான்கு மணிக்கு. மூன்றரை இருக்கும், இசக்கி மாலையோடு வந்தார். துறைமுகத்தில் அண்ணனோடு இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். கப்பலில் ஏறி இறங்கும் சரக்கை எண்ணிக் குறிப்பவர். செருப்பை வாசலில் விட்டு உள்ளே கால் வைத்ததும் மைனி எழுந்துவிட்டார்.

“அங்கயே நில்லு. ஒன் மால வேண்டாம்.”

“மைனி…”

“கப்பல்காரன்கிட்ட வாங்கிட்டு வந்து குடுத்தியே, இப்ப மாலயும் வாங்கிட்டு வாரியோ? திருந்துன மனுசன கொன்னுட்டு வாரியோ?”

மோசஸ் இசக்கியின் சட்டையைப் பிடித்தார். இசக்கி திமிறவில்லை. கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு மாலையைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனார். பெட்டியைத் தூக்க அவர் நிற்க வேண்டிய இடத்தில் நான் தோள் கொடுத்தேன்.

அந்தப் பாட்டிலை மைனி எறியவில்லை. சாட்சிப் பொருள் மாதிரி ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கறுப்பு மெழுகு. கழுத்துச் சீட்டில் கையால் எழுதிய 128.4 ப்ரூஃப், அதாவது அறுபத்து நான்கு சதவீதம். பார்க்க வருகிற எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். நானும் அவர்களைப் போலவே பார்த்தேன்.


மார்ச் 21, வியாழன்

தூங்கினேன். மின்வாரியத்துக்குப் போய் இணைப்பைப் பெயர் மாற்ற மனு கொடுத்தேன். வெயில் அதிகம்.


மார்ச் 22, வெள்ளி

இசக்கியைத் தேடிப் போனேன். வேலை நேரத்தில் வீட்டில் இருந்தார். உள்ளே கூப்பிடவில்லை. துறைமுகச் சாலை டீக்கடைக்குக் கூட்டிப் போய் இரண்டு டீ சொன்னார்.

“பாஸை வாங்கி வச்சுக்கிட்டானுவ தம்பி. மோசஸ் எழுதிக் குடுத்திருக்கான், நான் கப்பல்லேருந்து சரக்கு கடத்துறேன்னு. விசாரண முடியுற வரைக்கும் கேட்டுக்குள்ள போவ முடியாது.”

“நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?”

“என்னத்தச் சொல்ல?” டீயை ஆற்றினார். “ஜனவரி ரெண்டாந்தேதி என்னய மாடிக்குக் கூப்பிட்டு அத காட்டுனாவ. முக்காவாசி இருந்துது. கொட்டிருவோம்ணேன், கையிலேருந்து புடுங்கக்கூடப் பாத்தேன். ‘எலே, தம்பி அவ்வளவு தூரத்துலேருந்து தூக்கிட்டு வந்தது, கொட்டப்படாது’ன்னாவ. நான் தண்ணியாவது ஊத்திக்கிடுங்கன்னேன். ‘தண்ணி ஊத்துனா அதுக்கு மரியாத இல்லன்னு தம்பி சொல்லிருக்கான்’னாவ.”

நான் சொன்னதுதான். அந்தச் சொற்களேதான்.

“வீட்டுல சொல்லிராத, தம்பி பேரு கெட்டுரும்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்குனாவ. இருக்கும்போதே மீறல. செத்தப்பொறவு மீறுவனா? நீங்க ஊருக்குப் போங்க. ரெண்டு மூணு மாசத்துல எல்லாம் ஆறிரும்.”

“ஒங்க வேல?”

தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.

நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். டிசம்பர் 27, மதியம். மைனியும் ஹெப்சியும் கிறிஸ்துமஸ் பலகாரத்தோடு மோசஸ் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் பெட்டியைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் அந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டார். “இது என்னல, மெழுகு வச்சு அடச்சிருக்கு?” என்றார். ஒரு வாய் கேட்டார். கொடுத்தேன். மீதியை வைத்துவிட்டுப் போ என்றார். வைத்தேன். இவ்வளவுதான்.


மார்ச் 24, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. ஓலையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தேன். ஆலய வாசலில் மோசஸ் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “அவன் இனிமே ஆர்பர்ல கால் வைக்க மாட்டான். எங்கக்கா தாலிய அறுத்தவன்.” அவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, “அண்ணனுக்காகத் தம்பி அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காவ பாருங்க” என்றார்.

புதன்கிழமை விமானம். பேசாமலே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். மாலையில் இசக்கி வீட்டு வழியாகப் போனேன். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து பீடிக்கு இலை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.


மார்ச் 25, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மைனி அண்ணனின் சட்டைகளை ஆலயத்தில் கொடுப்பதற்காக மடித்துக்கொண்டிருந்தார். ஹெப்சி கல்லூரி ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போயிருந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“மைனி, அந்தப் பாட்டில் இசக்கி குடுக்கல. நான்தான் கொண்டுவந்தேன்.”

முதலில் காதில் விழாதவர் மாதிரி அடுத்த சட்டையை எடுத்துப் பொத்தான் போட்டார். கடைசிப் பொத்தானில் கை நின்றது.

“எப்ப?”

“கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப.”

“என் வீட்டுல இருந்து, நான் போட்ட சாப்பாட்டத் தின்னுட்டு.”

“ஆமா மைனி.”

“டாக்டர் சொன்னத நான் ஒனக்குப் போன்ல சொன்னேனா இல்லையா?”

“சொன்னிய.”

டிவி பக்கம் திரும்பிப் பாட்டிலைப் பார்த்தார். “அது என்ன வெல?”

“எண்பத்தஞ்சு டாலர்.”

“நம்ம காசுக்குச் சொல்லு.”

“ஏழாயிரம்.”

“ஏழாயிரம்” என்றார். “அவிய வாழ்க்கையில ஏழாயிரத்துக்கு ஒரு சட்ட போட்டதில்ல.” மடியிலிருந்த சட்டையைப் பக்கத்தில் வைத்தார். அழவில்லை. பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார், வேறு ஒரு குரலில், கெஞ்சுகிற மாதிரி. “தம்பி, அவியளா கேட்டாவ? இல்ல நீ குடுத்தியா?”

“அவியதான் பெட்டியில பாத்தாவ. ஒரு வாய் கேட்டாவ.”

மைனி தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“கேட்டிருப்பாவ. நான்தான் முட்டாச்சி. ஒரு வருசம் நாலு மாசம் ராவும் பகலும் ஜெபம் பண்ணி, மாறிட்டாவன்னு ஊரெல்லாம் சாட்சி சொன்னேன். எப்ப கெடைக்கும்னு காத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காவ.”

எழுந்து முகம் கழுவினார். சேலையை மாற்றிக்கொண்டு மோசஸுக்குப் போன் போட்டார். “எழுதிக் குடுத்தத இன்னைக்கே போயித் திருப்பி வாங்கு. ஏன் எதுக்குன்னு கேக்காத.” பிறகு செருப்பை மாட்டினார். நானும் எழுந்தேன்.

“நீ எங்க வார? இசக்கி கால்ல விழ வேண்டியவ நான். நீ இரு.”

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினார். கண்கள் வீங்கியிருந்தன. எனக்குச் சோறு போட்டார். குழம்பு ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.


மார்ச் 28, வியாழன். லூயிவில்

வந்து சேர்ந்தேன். கராஜ் கதவு பாதியில் நின்றுவிட்டது. ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.


ஏப்ரல் 2, செவ்வாய்

அறவாழி, கட்டுரை எப்போது என்று கேட்டு எழுதியிருக்கிறார். துக்கத்தில் இருப்பது தெரியும், அவசரமில்லை என்றும் எழுதியிருக்கிறார். பாதி எழுதினேன். ‘பேரல் ப்ரூஃப்: இந்த விலைக்கு இது தகும்’ என்று துணைத்தலைப்புப் போட்டுவிட்டு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்தேன்.

வாங்கிய மூன்று பாட்டிலும் காலி. பாண்ட் மட்டும் இன்னொன்று வாங்கிவந்தேன். பழைய குறிப்புகளைச் சரிபார்க்க வேண்டும்.

பியூலா இன்று மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“டிசம்பர்ல பெட்டி கட்டும்போது ரெண்டு பாட்டில் துணிக்குள்ள சுத்தி வச்சிய. ஒண்ணு மெட்ராஸ்ல ஒங்க காலேஜ் ஃப்ரெண்டுக்கு. இன்னொண்ணு யாருக்குன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்.”

“அண்ணன்தான் பெட்டியில பாத்துட்டு…”

“எங்கிட்டயுமா?” என்றாள்.

எழுந்து போய்விட்டாள். நான் கட்டுரையை மூடி வைத்தேன்.


ஏப்ரல் 6, சனி

காலை எட்டு மணிக்கு ஹெப்சி கூப்பிட்டாள். இதுவரை அவளாகக் கூப்பிட்டதில்லை.

“சித்தப்பா, அம்மா அப்பா போட்டோவ ஹால்லேருந்து கழட்டிட்டாங்க. மால போட்டு மாட்டுனது. பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்க.”

“ஏன்?”

“‘என்னய ஏமாத்துன மனுசன் மொகத்த நான் பாக்க மாட்டேன்’ங்காங்க. ஒரு வருசம் நாலு மாசமும் நடிச்சாவன்னு சொல்லுதாங்க. நாப்பதாம் நாள் ஜெபமும் வேண்டாம்னுட்டாங்க.” மூச்சு வாங்கினாள். “ஆனா சித்தப்பா, அப்பா நடிக்கல. எனக்குத் தெரியும். ஹாஸ்டல்லேருந்து நான் வரும்போதெல்லாம் எங்கூட உக்காந்து கேரம் வெளயாடுவாங்க, கையி நடுங்காது. தெருவுல கல்யாணத்துல ஆளுங்க கூப்பிட்டா போவ மாட்டாங்க. சும்மா நடிச்சா அப்படி முடியுமா? நீங்க சொல்லுங்க. நீங்க கொண்டுவந்தத அப்பாவா கேட்டாங்க?”

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். இந்த நோட்டில் 22ஆம் தேதி நான் எழுதியதும் பொய், மைனியிடமும் பியூலாவிடமும் சொன்னதும் பொய். அவளிடம் நடந்ததைச் சொன்னேன்.

அண்ணன் பெட்டியில் எதையும் பார்க்கவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். நான்தான் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். “இது என்னல?” என்றார். சொன்னேன், பீப்பாயைப் பற்றி, மெழுகைப் பற்றி, எண்ணைப் பற்றி. எல்லாம் கேட்டுக்கொண்டார். “நல்லா பேசுத” என்றார். இரண்டு தம்ளர் எடுத்துவந்தேன். அவர் தன் தம்ளரைக் கையால் மூடினார். “எனக்கு வேண்டாம்ல. நீ குடி, நான் பாக்கேன்.” நான் குடித்தேன். ஒரு வாய் பாருங்கண்ணே என்றேன். “வேண்டாம்ல, வயலட்டுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.” இது கடைச் சரக்கு இல்லை, இது உடம்பை ஒன்றும் செய்யாது, இதைக் குடிக்கிறவன் குடிகாரன் இல்லை என்றேன். அவர் தம்ளரிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்போது நான் சொன்னேன், “ஒங்களுக்காக அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கேன், மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கு.” மூன்றாவது முறையும் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் கையை எடுத்துவிட்டார். நான் ஊற்றினேன். தண்ணீர் எடுக்க எழுந்தவரை உட்காரச் சொன்னேன்.

எதற்காக என்று ஹெப்சி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாவற்றிலும் அண்ணன் சொல்லி நான் கேட்டவன். நாற்பத்தேழு வயதில் முதல் முறையாக அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் அதை ருசித்துவிட்டு, நீ பெரிய ஆளுதாம்ல என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான். சொன்னார். முதல் வாய் இறங்கியதும் கண்ணில் நீர் வர, சொன்னார்.

ஹெப்சி அழுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “அம்மாட்ட நீங்களே சொல்லுங்க” என்றாள்.

“இப்பவா?”

“இப்ப.”

போன் கை மாறியது. மைனியின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“மைனி, நான் ஒங்ககிட்ட பொய் சொன்னேன். அண்ணன் கேக்கல. மூணு தடவ வேண்டாம்னாவ. ஒங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்னாவ. நான்தான் வற்புறுத்தி ஊத்துனேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை எதன் மீதோ வைக்கும் சத்தம் கேட்டது. துண்டிக்கவில்லை. காலடி உள்ளே போனது. சாவிக்கொத்து, பிறகு பீரோ கதவு.

“ஏட்டி ஹெப்சி” என்று மைனியின் குரல் தூரத்தில் கேட்டது. “அந்த ஸ்டூல எடுத்துட்டு வா.”

ஸ்டூல் தரையில் இழுபட்டது. “பாத்தும்மா” என்றாள் ஹெப்சி. யாரோ ஏறினார்கள். கண்ணாடிச் சட்டம் சுவரில் உரசியது. “கொஞ்சம் எடது பக்கம்” என்றாள் ஹெப்சி. “இன்னுங் கொஞ்சம்.”

என்னிடம் யாரும் பேசவில்லை. அவர்கள் பக்கம் போன் தானாக அணையும்வரை நான் காதிலேயே வைத்திருந்தேன்.